வழி சொல்லும் குரல்

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பது நம் முன்னோர் அனுபவித்துச் சொன்ன மொழி. நெல்லைச் சீமையிலிருந்தும் தஞ்சைத் தரணியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் புறப்பட்டு, தாதரிலோ விக்டோரியா டெர்மினஸிலோ தகரப் பெட்டியோடு வந்திறங்கிய நம் பாட்டனார்களின் கையில் இருந்தது ஒரு துண்டுக் காகிதம். மாதுங்கா என்றோ தாராவி என்றோ அதில் ஒரு முகவரி எழுதியிருக்கும். மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. ஆயினும் நான்கு பேரைக் கேட்டு, ஐந்தாவதாக ஒரு தமிழரைக் கண்டுபிடித்து, பொழுது சாயுமுன் உறவினர் வீட்டு வாசலை அடைந்துவிட்டார்கள்.

இன்று அந்த வாய் இடம் மாறிவிட்டது. வழி கேட்பது மனிதனின் வேலையாக இருந்த காலம் போய், வழி சொல்வது கைப்பேசியின் வேலையாகிவிட்டது. டாக்சி ஓட்டும் அன்பர்களும், டெம்போ வைத்துச் சரக்கு ஏற்றும் அன்பர்களும், தவணை முறையில் சிறிய கார் ஒன்றை வாங்கி ஞாயிறுதோறும் குடும்பத்துடன் செம்பூரிலிருந்து புறப்படும் அன்பர்களும், வண்டியைக் கிளப்புமுன் 'மேப்' போட்டுக்கொள்ளத் தவறுவதில்லை. இக்கருவி நல்லதா, தீயதா என்று வாதாடும் காலம் கடந்துவிட்டது. இப்போது நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறொன்று. அந்தக் குரல் எங்கிருந்து வர வேண்டும்? மடியில் கிடக்கும் கைப்பேசியிலிருந்தா, காதில் செருகிய குமிழிலிருந்தா, அல்லது வண்டியிலேயே பொருத்தியிருக்கும் ஒலிபெருக்கியிலிருந்தா? கேட்பதற்குச் சிறு விஷயம் போலத் தோன்றும். ஆனால் உயிரோடும் பிழைப்போடும் தொடர்புடைய விஷயம் இது.

கண்ணுக்கு ஒரு வேலை, காதுக்கு ஒரு வேலை

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 11 மீட்டர் நகர்கிறது. ஓட்டுநர் தலையைத் தாழ்த்தி, கைப்பேசித் திரையில் அம்புக்குறி எப்பக்கம் வளைகிறது என்று பார்த்து நிமிர இரண்டு நொடியாவது ஆகும். அதற்குள் வண்டி 22 மீட்டர் சென்றுவிடும். நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் மின்ரெயிலில் ஒரு பெட்டியின் நீளத்தைவிடச் சற்று அதிகமான தொலைவு அது. அத்தனை தூரமும் வண்டி பார்வையற்று ஓடுகிறது என்றே சொல்ல வேண்டும். தாராவி தொண்ணூறடிச் சாலையில் பள்ளி விடும் நேரத்தில் 22 மீட்டருக்குள் எத்தனை குழந்தைகள் சாலையைக் கடக்கிறார்கள் என்பதை அங்கு வாழும் தாய்மார்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் இதனைக் கவனித்திருக்கிறது. 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, வண்டி ஓட்டும்போது கைக்கருவிகளைக் கையாள்வதை ஆபத்தான ஓட்டுதலில் ஒன்றாகச் சேர்த்துள்ளது. முதன்முறை குற்றத்திற்கு 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி ஒரு சலுகையும் தந்தது. வழி அறிவதற்கு மட்டும், ஓட்டுநரின் கவனம் சிதறாத முறையில், கைப்பேசியைப் பயன்படுத்தலாம் என்பதே அது. "கவனம் சிதறாத முறையில்" என்ற நிபந்தனையில்தான் பொருள் அனைத்தும் அடங்கியிருக்கிறது. கையில் பிடித்த கைப்பேசியும் மடியில் வைத்த கைப்பேசியும் இந்நிபந்தனைக்குள் அடங்குமா என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம்.

காதில் குமிழ் செருகிக்கொள்வதும் சரியான மாற்று அன்று. குரல் தெளிவாகக் கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் பின்னால் வரும் ஆம்புலன்ஸின் ஒலியும், பக்கத்தில் நெருக்கும் பெஸ்ட் பஸ்ஸின் ஹாரனும், "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தும் வழிப்போக்கரின் குரலும் அடைபட்டுவிடும். வண்டியின் ஸ்பீக்கரிலிருந்து வரும் குரலோ திறந்த வெளியில் வருகிறது. அது வெளியுலகை மறைப்பதில்லை. அன்றியும் அக்குரலை வண்டியிலுள்ள அனைவரும் கேட்கிறார்கள். ஓட்டுநர் தவறவிட்ட சொல்லைப் பக்கத்தில் இருக்கும் மைத்துனர் பிடித்துக்கொள்வார். பின்னால் இருக்கும் மனைவி, "இல்லைங்க, அடுத்த திருப்பம்னு சொல்லிச்சு" என்று திருத்துவார்.

ரெயில்வே அறிந்த பாடம்

ரெயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நமக்கு இவ்விஷயம் புதிதன்று. எஞ்சினில் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் அருகருகே இருப்பார்கள். சிக்னல் கண்ணில் பட்டதும் அதன் நிலையை ஒருவருக்கொருவர் வாய்விட்டு உரக்கச் சொல்ல வேண்டும் என்பது அங்கே கட்டாயப் பழக்கம். இருவர் கண்ணும் பாதையிலேயே நிலைத்திருக்கும். செய்தி மட்டும் காது வழியே போய் உறுதிப்படும்.

வட மாநிலங்களில் மார்கழி, தை மாதங்களில் பனிமூட்டம் கவிந்தால் பத்தடி முன்னால் இருப்பதும் தெரியாது. அங்கே ஓடும் எஞ்சின்களுக்காக, ஜி.பி.எஸ். முறையில் இயங்கும் 'ஃபாக் பாஸ்' என்னும் சிறு பெட்டி வழங்கப்பட்டுள்ளது. 2023-24 பனிக்காலத்தில் மட்டும் 19,742 கருவிகளுக்கு ஏற்பாடு செய்ததாக ரெயில்வே அமைச்சகம் அறிவித்தது. அடுத்து வரப்போகும் சிக்னல், லெவல் கிராசிங், வேகக் கட்டுப்பாடு ஆகியவற்றைச் சுமார் 500 மீட்டருக்கு முன்பே திரையில் காட்டுவதோடு அக்கருவி குரலாலும் அறிவிக்கிறது. பனியை ஊடுருவிப் பார்க்க முயலும் மனிதனின் கண்ணைத் திரைக்கு இழுக்காமல், காதின் வழியாகச் செய்தி சேர்ப்பதற்கே அந்தக் குரல்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சிக்னல் வருகிறது என்று மட்டுமே அப்பெட்டி சொல்லும். அது சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று சொல்லாது. அதனைக் கண்ணால் கண்டு, அதன்படியே வண்டியை நடத்தும் பொறுப்பு லோகோ பைலட்டுடையது. கருவி ஒரு துணையே. சாலையில் கார் ஓட்டும் நாமும் இவ்விரண்டையும் ஒருசேரக் கைக்கொள்ள வேண்டும்: வரப்போவதைக் காதால் அறிவோம், செய்ய வேண்டியதைக் கண்ணால் கண்டு தீர்மானிப்போம்.

வானத்துக் கணக்கு

இந்தக் குரலுக்கு நாம் நிற்கும் இடம் எவ்வாறு தெரிகிறது? பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள அணுக் கடிகாரத்தின் நேரத்தை இடைவிடாது ஒலிபரப்புகிறது. அச்செய்தி வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு, செயற்கைக்கோள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று கைப்பேசி கணக்கிடுகிறது. இவ்வாறு நான்கு செயற்கைக்கோள்களின் செய்தி கிடைத்தால் நம் இடம் புலப்பட்டுவிடும்.

கணக்கு எத்தனை நுண்மையானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வானொலி அலை நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்வது. ஆகவே கடிகாரம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் இடம் 300 மீட்டர் விலகிவிடும். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைப்படி, அவ்வளவு உயரத்தில் விரைந்து செல்லும் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 38 மைக்ரோ நொடி முந்துகிறது. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் சுமார் 11 கிலோமீட்டர் பிழை சேர்ந்துவிடும். மாதுங்கா நிலையத்தில் நிற்கும் நம்மைச் சத்ரபதி சிவாஜி முனையத்தில் நிற்பதாகக் காட்டும் அளவு பிழை அது.

அமெரிக்க இராணுவத்தின் தேவைக்காகப் பிறந்தது இம்முறை. இதன் முதல் செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது. 1983 செப்டம்பர் 1 அன்று வழி தவறிச் சோவியத் எல்லைக்குள் பறந்த கொரியப் பயணி விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன் பின்னரே, இம்முறை பொதுமக்களுக்கும் திறந்துவிடப்படும் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. பொதுமக்களுக்குக் கிடைத்த அளவீட்டில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழை 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது. சந்து திரும்பும் இடத்தைச் சரியாகச் சொல்லும் கருவி அதன் பிறகே சாத்தியமாயிற்று.

நம் நாடும் பின்தங்கிவிடவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 ஜூலை 1 அன்று நம் சொந்த வழிகாட்டி முறையின் முதல் செயற்கைக்கோள் புறப்பட்டது. 2016 ஏப்ரல் 28 அன்று ஏழாவது சென்றபோது அம்முறைக்கு 'நாவிக்' என்று பெயரிட்டார்கள். 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 இந்தியாவிலேயே செய்த அணுக் கடிகாரத்தைத் தாங்கிச் சென்றது. இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

குரலை ஸ்பீக்கருக்குக் கொண்டுவரும் முறைகள்

புதிய காரோ பழைய காரோ, எதுவாயினும் இதற்கு வழியுண்டு. பெருஞ்செலவும் இல்லை. நான்கு முறைகளை ஈண்டு விளக்குகிறோம்.

முதலாவது ஆக்ஸ் வயர். ஸ்டீரியோவின் முகப்பில் சிறு வட்டத் துளை இருந்தால், அதையும் கைப்பேசியையும் ஒரு வயரால் இணைத்து, ஸ்டீரியோவில் 'ஆக்ஸ்' என்பதைத் தேர்ந்தால் போதும். வட்டத் துளையில்லாத புதிய கைப்பேசிகளுக்கு ஒரு சிறு இணைப்பி வேண்டும். வண்டியிலேயே கைப்பேசியைச் சார்ஜ் செய்துகொண்டு இம்முறையைக் கையாளும்போது சில வண்டிகளில் 'கொர்ர்' என்ற இரைச்சல் எழும். எஞ்சின் வேகத்தோடு அதுவும் ஏறி இறங்கும். மின்சாரம் இரு வழியாகச் சுற்றுவதால் வரும் இரைச்சல் அது. சார்ஜரைக் கழற்றிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

இரண்டாவது புளூடூத். வயரே இல்லை. ஒருமுறை இரண்டையும் ஜோடி சேர்த்துவிட்டால், பின்னர் வண்டியில் ஏறியதும் தானே இணைந்துகொள்ளும்.

மூன்றாவது, கைப்பேசியை யு.எஸ்.பி. வயரால் இணைத்து, வண்டியின் திரையிலேயே வரைபடத்தைக் காணும் முறை. ஆப்பிள் கார்ப்ளே 2014இலும் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015இலும் வந்தன. இதில் ஒரு வசதி உண்டு. பாட்டு ஓடிக்கொண்டிருந்தாலும், வழி சொல்ல வேண்டிய நேரத்தில் பாட்டு தானே தாழ்ந்து, குரல் மேலெழுந்து, பின் பாட்டு பழையபடி தொடரும்.

நான்காவது, வெறும் ரேடியோ மட்டுமே உள்ள பழைய வண்டிகளுக்கு. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறு எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் கடைகளில் கிடைக்கிறது. கைப்பேசியின் குரலை அது ஒரு குட்டி வானொலி நிலையம் போல ஒலிபரப்ப, வண்டியின் ரேடியோ அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மும்பை வானில் நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. 91.1, 93.5, 98.3, 100.7, 107.1 என்று நெருக்கமாக அமைந்துள்ளன. அவற்றுக்கு நடுவே காலியான ஓர் எண்ணைத் தேடிக் கருவியையும் ரேடியோவையும் அதில் நிறுத்த வேண்டும். செம்பூரில் தெளிவாகக் கேட்ட எண் தாதரில் கரகரக்கலாம். ஆகவே இரண்டாவதாக ஓர் எண்ணையும் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

குரல் வராமற்போவது ஏன்?

புளூடூத் இணைத்தாகிவிட்டது, பாட்டு அருமையாகக் கேட்கிறது, ஆனால் வழி சொல்லும் குரலை மட்டும் காணவில்லை. பலரும் கூறும் குறை இது. காரணம் எளியது. ஓட்டுநர் ஸ்டீரியோவை ரேடியோவில் வைத்திருப்பார். கைப்பேசியோ, தான் புளூடூத்தோடு இணைந்திருப்பதால், குரலை அவ்வழியே அனுப்பிவிடும். ஸ்டீரியோ அவ்வாசலைத் திறந்து வைக்காமையால் குரல் யாருக்கும் கேளாமல் மறைந்துவிடும், கைப்பேசியிலும் ஒலிக்காது. ஸ்டீரியோவைப் புளூடூத்துக்கு மாற்றினால் குறை தீர்ந்தது. ரேடியோதான் வேண்டும் என்பவர்கள், செயலியின் அமைப்புகளில் புளூடூத் வழியே குரல் ஒலிக்கும் வசதியை நிறுத்தி வைத்தால், குரல் கைப்பேசியிலிருந்தே வரும்.

குரல் மிக மெல்லியதாக வருகிறதா? பாட்டு ஓடும்போது ஒலியைக் கூட்டினால் பாட்டுத்தான் கூடும். பல வண்டிகளில் வழி சொல்லும் குரலுக்குத் தனி அளவு உண்டு. குரல் பேசிக்கொண்டிருக்கும் அந்த நொடியில் குமிழைத் திருப்பினாலே அது கூடும். புறப்படுமுன், வண்டி நின்றிருக்கும்போதே, இதைச் சரிசெய்து வைத்துவிட வேண்டும். ஓடும் வண்டியில் குமிழைத் தேடுவது, தீமையை நீக்கப் போய்த் தீமையைத் தேடிக்கொள்வதாகும்.

வாக்கியத்தின் முதற்சொல் வெட்டுப்பட்டு வருவதும் புளூடூத்தில் நிகழக்கூடியதே. அமைதியாயிருந்த இணைப்பு விழித்தெழ ஒரு கணம் ஆவதே காரணம். மெல்லிய ஒலியில் ஏதேனும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் இணைப்பு உறங்குவதில்லை, முதற்சொல்லும் தப்பிப்பதில்லை. பின்னிருக்கையில் குழந்தை உறங்குமானால், ஸ்டீரியோவின் அமைப்பில் ஒலியை முன்பக்க ஸ்பீக்கர்களுக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம். ஓட்டுநருக்குக் கேட்கும், குழந்தையின் உறக்கமும் கலையாது.

தமிழில் கேட்பதன் பயன்

2018ஆம் ஆண்டில் கூகுள் மேப்பில் தமிழ்க் குரல் வந்தது. வங்காளம், குஜராத்தி, கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகியவையும் அப்போதே சேர்ந்தன. மொழிப் பற்றினால் மட்டும் நாம் இதைப் பாராட்டவில்லை. சாலைப் பலகைகள் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும் இந்நகரில், இரண்டையும் விரைந்து படிக்க இயலாத ஓட்டுநர்கள் நம்மிடையே பலர். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பலகை பின்னால் போய்விடும். அவர்களுக்குத் தாய்மொழியில், உரத்த குரலில், வண்டி முழுவதும் கேட்கும்படி வழி கிடைப்பது பிழைப்புக்குத் துணையாகும். வாடகைக்கு ஏறியவர் ஆங்கிலத்தில் ஓர் இடத்தைச் சொல்லி, அது புரியாமல் விழித்து, அவமானப்பட்டு நிற்கும் நிலை அவர்களுக்குக் குறைகிறது.

குறைகளும் உண்டு. தமிழில் 'க'வுக்கும் 'த'வுக்கும் ஓரெழுத்தே பல ஒலியைத் தாங்குவதால், மராத்திப் பெயர்கள் சில சமயம் உருமாறி ஒலிக்கின்றன. பெயர் மாற்றங்களும் குழப்பம் தரும். நாம் கிங்ஸ் சர்க்கிள் என்கிறோம். பலகை மகேசுவரி உத்யான் என்கிறது. நாம் சயான் என்கிறோம். நிலையத்தின் மராத்திப் பெயர் சீவ். எல்பின்ஸ்டன் ரோடு நிலையம் 2018இல் பிரபாதேவி ஆயிற்று. புறப்படுமுன் இரண்டு பெயர்களையும் அறிந்துகொண்டால் தடுமாற்றமில்லை. "சோத்தாங்கைப் பக்கம் திரும்பு, பீச்சாங்கைப் பக்கம் திரும்பு" என்று வழி சொல்லிப் பழகிய நம் பாட்டிமார், பின்னிருக்கையில் அமர்ந்து "வலதுபுறம் திரும்பவும்" என்ற குரலைக் கேட்டு, "யாருடா அந்தப் பொண்ணு?" என்று வினவுவதும் உண்டு. கேட்டு மகிழ வேண்டிய காட்சி அது.

இந்நகரில் குரல் தடுமாறும் இடங்கள்

செயற்கைக்கோளின் செய்தி மலையையும் கூரையையும் துளைத்து வராது. கிழக்கு விரைவுச்சாலையில் ஆணிக்–பாஞ்சர்போல் சுரங்கத்தில் நுழைந்ததும் தொடர்பு அறுந்துவிடும். கடற்கரைச் சாலையில் 2024இல் திறக்கப்பட்ட இரட்டைச் சுரங்கங்கள் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீள்கின்றன. சுரங்கத்துள் குரல் மௌனமாகவோ பழைய கணக்கில் ஊகித்தோ இருக்கும். ஆகவே சுரங்கத்தைவிட்டு வெளிவந்ததும் எப்பக்கம் செல்ல வேண்டும் என்பதை நுழையுமுன்பே கேட்டு மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது இடர் உயரம். ஜி.பி.எஸ். கிழக்கு மேற்கைச் சொல்வது போல மேல் கீழைத் துல்லியமாகச் சொல்வதில்லை. 2014இல் திறக்கப்பட்ட சாந்தாகுரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலையில் குர்லாவருகே பாலம் இரண்டடுக்காக உள்ளது. டாக்டர் அம்பேத்கர் சாலையில் மாதுங்காவைக் கடக்கும்போது மேம்பாலமும் கீழ்ச்சாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. நாம் மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்று கருவி மயங்கும். மேம்பாலத்தில் ஏற வேண்டுமா என்று முன்கூட்டிச் சொல்லும் வசதி 2024 ஜூலையில் 40 இந்திய நகரங்களில் அறிமுகமாயிற்று. ஆயினும் பாலத்தின் தொடக்கத்தில் கண்ணே முடிவு செய்ய வேண்டும். 2025 ஜூலையில் நவி மும்பை பேலாப்பூரில், பாலத்தின் மேலே செல்ல வேண்டிய கார் ஒன்று கீழ்ச்சாலையில் இறங்கிப் படகுத்துறை வழியே கடற்கழியில் வீழ்ந்தது. அதை ஓட்டி வந்த பெண்மணியைக் கடலோரப் பாதுகாப்புப் போலீசார் காப்பாற்றினர். உத்தரப் பிரதேசத்தில் 2024 நவம்பரில் நிகழ்ந்ததோ பெருந்துயரம். வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டிருந்த ராம்கங்கைப் பாலத்தில், வழிகாட்டிச் செயலியை நம்பி ஏறியதாகச் சொல்லப்பட்ட கார் கீழே வீழ்ந்து மூவர் மாண்டனர். வரைபடத்தில் பாலம் இருந்தது, தரையில் இல்லை.

மூன்றாவது, வண்டியின் வகை. கிங்ஸ் சர்க்கிள் ரெயில்வே பாலத்தின் கீழ் உயரமான லாரிகள் சிக்கிக்கொண்ட செய்தியை நாம் பலமுறை படித்திருக்கிறோம். நம் கைப்பேசிச் செயலிக்கு நம் டெம்போவில் எவ்வளவு உயரத்திற்குச் சரக்கு ஏற்றியிருக்கிறோம் என்பது தெரியாது. ஆட்டோ ரிக்ஷாக்கள் சயானுக்குத் தெற்கே வர அனுமதியில்லை என்பதும், கிழக்கு விரைவுச்சாலையில் இருசக்கர வண்டி செல்லலாகாது என்பதும் நாம் அறிந்து வைத்திருக்க வேண்டியவை.

நான்காவது, மாறிக்கொண்டேயிருக்கும் சாலைகள். 1912ஆம் ஆண்டுக் காலத்துச் சயான் ரெயில்வே மேம்பாலம், புதிதாகக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்டு 1 முதல் வாகனங்களுக்கு மூடப்பட்டபோது, தாராவிக்கும் சயானுக்கும் இடையே பழகிய வழியெல்லாம் ஒரே நாளில் மாறிப்போயிற்று. இத்தகைய வேளையில் குரல் சொல்வதும் போலீஸ்காரர் கை காட்டுவதும் முரண்பட்டால், போலீஸ்காரரின் கையே சட்டம். தாராவியின் உட்சந்துகளிலோ குரலை நம்புவதைவிடக் கடைக்காரரைக் கேட்பதே மேல். அங்கே வாயுள்ள பிள்ளைதான் இன்றும் பிழைக்கிறான்.

ஊருக்குப் போகும் வழியில்

கோடை விடுமுறையிலும் கோயில் கொடைக்கும் சொந்தக் காரிலேயே ஊர் செல்லும் குடும்பங்கள் பெருகியுள்ளன. புனே, சதாரா, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, சித்ரதுர்க்கா, தும்கூர், பெங்களூர், ஓசூர், கிருஷ்ணகிரி வரை 48ஆம் எண் நெடுஞ்சாலை. அங்கிருந்து சேலம், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி வரை 44ஆம் எண் நெடுஞ்சாலை. மராத்திப் பலகை கன்னடப் பலகையாக மாறி, பின் தமிழ்ப் பலகையாக மாறும் இந்நீண்ட பயணத்தில் மாறாத ஒன்று ஸ்பீக்கரில் வரும் தமிழ்க் குரலே.

இதற்கு முன்னேற்பாடு ஒன்று வேண்டும். செயற்கைக்கோளின் செய்தியைப் பெற இணைய வசதி தேவையில்லை. ஆனால் வரைபடம் இணையத்தின் மூலமே வருகிறது. மலைப்பாதையில் டவர் கிடைக்காமற்போனால் வரைபடமும் வராது. ஆகவே செல்லும் வழியின் வரைபடத்தை வீட்டிலேயே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். சாலை நெரிசல் நிலவரம் அதில் தெரியாது என்றாலும் வழி தெரியும், குரலும் பேசும். இரவில் ஓட்டுநருக்குக் கண் சொக்குகையில் இக்குரல் உறக்கத்தைத் தடுக்கும் என்று சிலர் நினைக்கின்றனர். அது தவறு. நெடுஞ்சாலையில் பல கிலோமீட்டருக்குக் குரல் ஒரு சொல்லும் பேசாது. உறக்கம் வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி உறங்குவது ஒன்றே மருந்து.

முடிவாக, குடும்பத் தலைவர்களுக்கும், வாகனம் ஓட்டும் இளைஞர்களுக்கும், அவர்களை வழியனுப்பும் தாய்மார்களுக்கும் நாம் கேட்டுக்கொள்வது இதுதான். வண்டி நின்றிருக்கும்போதே செல்லுமிடத்தைக் குறித்து, குரலைத் தமிழில் அமைத்து, அது ஸ்பீக்கரில் கேட்கிறதா என்று சோதித்து, கைப்பேசியைத் தாங்கியில் பொருத்திவிட்டுக் கிளம்புங்கள். குரல் பேசும்போது வண்டியில் உள்ளவர்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்துங்கள். திருப்பம் தவறிவிட்டால் ஓட்டுநரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அடுத்த திருப்பத்தைக் குரலே கண்டுபிடித்துச் சொல்லும். தவறிய திருப்பத்தால் போவது ஐந்து நிமிடம்; திடீரென்று பிரேக் போட்டுத் திருப்புவதால் போவது உயிராகவும் இருக்கலாம்.

தகரப் பெட்டியோடு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சொந்த வண்டியில் இந்நகரைச் சுற்றி வருகிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் நலமாக வீடு வந்து சேர வேண்டும் என்பதே நம் விருப்பம்.